பறவை நோக்கர் குழுவுக்குச் சொந்த விக்கி: மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா, புக்ஸ்டாக்கா?

கேள்வி: எங்கள் மாவட்டப் பறவை நோக்கர் குழுவில் அறுபது பேர் இருக்கிறோம். ஏரிகள் பற்றிய விவரம், வலசை வரும் மாதங்கள், அடையாளக் குறிப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து காணாமல் போகின்றன. சொந்த ஹோஸ்டிங்கில் தமிழ் விக்கி ஒன்று வைக்க நினைக்கிறோம். மீடியாவிக்கி, டோக்குவிக்கி, புக்ஸ்டாக், விக்கி.ஜேஎஸ், இவற்றில் எது? சர்வர் வேலை தெரிந்தவர்கள் இருவர். மற்றவர்களுக்குக் கைபேசிதான்.

பதில்:

மீடியாவிக்கி. ஆனால் அந்த இருவரில் ஒருவராவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் ஒதுக்குவார் என்ற உறுதி வேண்டும். அது இல்லையென்றால் டோக்குவிக்கி. மற்ற இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான், உங்கள் சரக்குக்குப் பொருந்தாது.

பறவை விக்கியில் முதல் தலைவலி பெயர்கள். ஒருவர் கரிச்சான் என்று எழுதுவார், இன்னொருவர் இரட்டைவால் குருவி என்று தேடுவார், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்று மூன்றாமவர் ஆனைச்சாத்தான் என்று புதுப் பக்கமே தொடங்கிவிடுவார். செம்போத்துக்கும் செண்பகத்துக்கும் இதே கதை. செம்பருந்து, கருடன், கிருஷ்ணப் பருந்து என்று மூன்று வாசல்கள் இருந்தாலும் உள்ளே ஒரே வீடு இருக்க வேண்டும். மீடியாவிக்கியில் இதற்கு ஒரு வரி போதும்: இரட்டைவால் குருவி என்ற பக்கத்தைத் திறந்து #வழிமாற்று [[கரிச்சான்]] என்று எழுதிச் சேமித்தால் முடிந்தது. நிறுவும்போது விக்கியின் மொழியைத் தமிழாக வைத்திருந்தால் வழிமாற்று, பகுப்பு (வகை), படிமம் (படக் கோப்பு) ஆகிய சொற்கள் அப்படியே வேலை செய்யும். பக்கத்தின் பெயரை மாற்றினால் பழைய பெயரில் வழிமாற்று தானாகவே நிற்கும், பழைய இணைப்புகள் உடையாது.

டோக்குவிக்கியின் அடிப்படைத் தொகுப்பில் வழிமாற்றும் கிடையாது, பெயர் மாற்றும் வசதியும் கிடையாது. இரண்டுக்கும் பிளகின் போட வேண்டும். புக்ஸ்டாக் அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்குவது. "புதியவர்களுக்கான பைனாகுலர் வழிகாட்டி" போன்ற ஒழுங்கான பாடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் கூழைக்கடா எந்தப் புத்தகத்தில் வரும்? நீர்ப்பறவைகளிலா, வேடந்தாங்கலிலா, கூந்தன்குளத்திலா? மீடியாவிக்கியில் ஒரே பக்கத்துக்கு மூன்று பகுப்பும் போடலாம். பறவைக்கு அலமாரி ஒத்துவராது.

அடுத்து அகரவரிசை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், முந்நூறு பக்கம் சேர்ந்த பிறகு கண்ணை உறுத்தும். மீடியாவிக்கி இயல்பாக யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. அதனால் பகுப்புப் பக்கத்தில் சின்னான் முதலில், சிறிய நீர்க்காகம் அடுத்து, சிவப்பு மூக்கு ஆள்காட்டி கடைசியில் வரும். நம் அகராதி வரிசையில் இது அப்படியே தலைகீழ். ஜகரம் வேறு சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் போய் உட்காரும். லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் (விக்கியின் அமைப்புகள் உள்ள கோப்பு) பகுப்பு வரிசைக்கான மாறி ஒன்று உண்டு, அதைத் தமிழ் யூசிஏ வரிசைக்கு (மொழிக்கேற்ற யூனிகோட் அகரவரிசை) மாற்றி, பராமரிப்பு ஃபோல்டரில் உள்ள அப்டேட்கொலேஷன் நிரலை ஒருமுறை ஓட்ட வேண்டும். சர்வரின் பிஎச்பியில் (விக்கி ஓடும் நிரல்மொழி) இன்ட்ல் நீட்சி (மொழி வசதிக்கான கூடுதல் கூறு) இருந்தால்தான் இது நடக்கும். ஹோஸ்டிங் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தேடலிலும் தமிழுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. மீடியாவிக்கியின் சாதாரணத் தேடல் முழுச் சொல்லைத்தான் பொருத்தும். மயில் என்று தேடினால் மயிலின், மயிலுக்கு என்று எழுதிய பக்கங்கள் வராது. மயில* என்று நட்சத்திரக் குறியோடு, அதுவும் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு, தேட வேண்டும். புள்ளியும் உயிர்க்குறியும் யூனிகோடில் தனித்தனி எழுத்துகள் என்பதால் மயில் என்பதும் மயிலின் என்பதும் மயில என்பது வரைதான் ஒத்துப்போகின்றன. டோக்குவிக்கியிலும் நட்சத்திரம் செல்லும், "இதில் தொடங்குவது" என்ற தேர்வும் தேடல் பக்கத்திலேயே உண்டு. புக்ஸ்டாக்கில் நட்சத்திரமே தேவையில்லை, முன்னொட்டாகவே தேடும், புள்ளியை மட்டும் விட்டால் போதும். இந்த ஒரு விஷயத்தை உதவிப் பக்கத்தில் முதல் வரியாகப் போடுங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் சேவையைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அறுபது பேர் விக்கிக்கு அது தேவையில்லாத பாரம், விக்கியைவிட அதுதான் அதிக நினைவகம் தின்னும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தொல்லை: ஔ என்ற ஓரெழுத்தும் ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடித்ததும் திரையில் ஏறக்குறைய ஒன்று, விக்கிக்கு இரண்டு தலைப்பு. வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது அகலமில்லாத இணைப்புத்தடைக் குறி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான். ஒரே பெயரில் இரண்டு பக்கம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது நிறுவும் விவரம். மீடியாவிக்கி 1.43 பதிப்பை எடுங்கள். 2024 டிசம்பரில் வந்த நீண்டகாலப் பதிப்பு, 2027 இறுதி வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடையில் வரும் குறுகியகாலப் பதிப்புகளைத் துரத்துவது வேண்டாத வேலை. பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல், மரியாடிபி (டேட்டாபேஸ்), 1 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), அதோடு 1 ஜிபி ஸ்வாப் (வட்டில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்). 2 ஜிபி என்றால் நிம்மதி. ஏபிசியு கேஷைக் (கணித்ததை நினைவில் வைக்கும் பிஎச்பி நீட்சி) கட்டாயம் இயக்குங்கள், அது இல்லாத மீடியாவிக்கி மாட்டுவண்டி. பிஎச்பி எஃப்பிஎம்மில் (பிஎச்பியை ஓட்டும் சேவை) ஒரே நேரத்தில் ஓடும் செயல்களை ஐந்துக்குள் வையுங்கள். இல்லையென்றால் கூட்டம் வரும்போது நினைவகம் தீர்ந்து, கர்னல் முதலில் மரியாடிபியைத்தான் கொல்லும். ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் பின்னணி வேலை ஒன்றை ஓட்டும் இயல்பை நிறுத்திவிட்டு, ரன்ஜாப்ஸ் நிரலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் நிரல் ஓட்டும் வசதி) போடுங்கள்.

விஷுவல் எடிட்டர் (குறியீடு இல்லாமல் எழுதும் திருத்தி) 1.35 முதல் தொகுப்போடே வருகிறது, தனிச் சேவை எதுவும் ஓட்ட வேண்டாம். விக்கிக் குறியீடு தெரியாத ஐம்பத்தெட்டு பேருக்கு இது இல்லாமல் ஆகாது. கைபேசிக்கு டைம்லெஸ் தோலை (தோற்ற அமைப்பை) இயல்பாக வைத்தால் தனி ஏற்பாடு இல்லாமலே சிறு திரைக்கு ஒடுங்கிக்கொள்ளும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கும் தகவற்பெட்டியை (பக்க ஓரத்தில் வரும் விவரக் கட்டம்) அப்படியே கொண்டுவர ஆசை வரும். வேண்டாம். ஒரு பெட்டியை இழுத்தால் பின்னால் பல வார்ப்புருக்களும் (பல பக்கங்களில் பயன்படும் அச்சுகளும்) லுவா மொழியில் எழுதிய கூறுகளும் வரிசையாக வரும். அவற்றுக்கு ஸ்கிரிபுன்டோ, பார்சர்ஃபங்ஷன்ஸ், டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் மூன்று நீட்சிகளும் வேண்டும். ஸ்கிரிபுன்டோ சர்வரில் ஒரு லுவா நிரலைத் தனியாக ஓட்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அப்படி வெளிநிரலை ஓட்டும் வசதியைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள், பக்கம் முழுவதும் சிவப்பாக "ஸ்கிரிப்ட் பிழை" என்று நிற்கும். அதற்குப் பதில் பத்து வரியில் சொந்த வார்ப்புரு ஒன்று எழுதுங்கள்: அறிவியல் பெயர், வேறு பெயர்கள், நீளம், வலசையா உள்ளூரா, கூடு கட்டும் மாதங்கள், எளிதில் பார்க்கும் ஏரிகள். காலியான வரியை மறைக்க பார்சர்ஃபங்ஷன்ஸ் போதும், அது தொகுப்பிலேயே இருக்கிறது. பிற்பாடு "ஜனவரியில் கூடு கட்டுபவை எவை" என்று பட்டியல் தானாக வர வேண்டும் என்றால் கார்கோ நீட்சியைச் சேர்த்து அதே வார்ப்புருவை அதில் இணைக்கலாம். தொடக்கத்திலேயே வார்ப்புரு வைத்திருந்தால் இது ஒரு மாலை வேலை. ஒவ்வொருவரும் தன் இஷ்டப்படி பத்தியாக எழுதியிருந்தால் எல்லாப் பக்கத்தையும் கையால் திருத்த வேண்டும்.

படங்கள். பிஎச்பியின் இயல்புப் பதிவேற்ற எல்லை வெறும் 2 எம்பி. அதை 10ஆகவும், போஸ்ட் எல்லையை 12ஆகவும் உயர்த்துங்கள். சர்வரில் இமேஜ்மேஜிக் இல்லாமல் ஜிடி மட்டும் இருந்தால் (இரண்டும் படம் சுருக்கும் கருவிகள்) 1.25 கோடி பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்குச் சிறுபடம் உருவாகாது. 50 மெகாபிக்சல் கைபேசிப் படம் ஏறும், ஆனால் பக்கத்தில் பிழைச் செய்திதான் தெரியும். அகலம் 2,000 பிக்சலுக்குச் சுருக்கி ஏற்றச் சொல்வது எல்லோருக்கும் நல்லது. உங்களிடம் படம் இல்லாத பறவைகளுக்கு விக்கிமீடியா காமன்ஸ் படங்களை நேரடியாகக் காட்டும் இன்ஸ்டன்ட்காமன்ஸ் வசதியை ஒரே வரியில் இயக்கலாம்.

பறவைக் குழுக்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் இதுதான்: கைபேசிப் படத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி இருக்கும். மீடியாவிக்கியின் படிமப் பக்கத்தில் கீழே "மேல்நிலைத் தரவு" அட்டவணையில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அதை அழகாக எழுதியும் காட்டும். ஆந்தைக் கூட்டின் படத்தை யாரோ ஆசையாக ஏற்றினால், கூட்டுக்கு வழிகாட்டும் பலகையையும் சேர்த்து நட்டுவிட்டோம் என்று அர்த்தம். அட்டவணையை மறைத்தால் போதாது, மூலக் கோப்பை இறக்குபவர் படித்துக்கொள்வார். ஏற்றும் முன் எக்சிஃப்டூல் என்ற கருவி கொண்டு இடத்தகவலை நீக்க வேண்டும், அல்லது கேமராச் செயலியிலேயே இடப்பதிவை அணைத்துவிட வேண்டும். ஏற்கெனவே ஏறியிருந்தால் சுத்தமான படத்தைப் புதிதாக ஏற்றி, பழைய பதிப்பை நிர்வாகி நீக்க வேண்டும். புதியதை ஏற்றினால் மட்டும் பழையது போகாது, கோப்பு வரலாற்றில் நிற்கும்.

"அந்தப் பக்கங்களை மட்டும் உறுப்பினர்களுக்கு வைத்துக்கொள்கிறோம்" என்பீர்கள். மீடியாவிக்கி அதற்காகக் கட்டியதல்ல. முழு விக்கியையும் பூட்டலாம், பக்கம் பக்கமாகப் பூட்டுவது நம்பகமல்ல: தேடல் துணுக்கு, வார்ப்புருவாக உள்ளிழுத்தல், ஏபிஐ (நிரல்கள் தரவு எடுக்கும் வாசல்) என்று ஏதாவது ஒரு வழியில் உரை கசியும். படக் கோப்புகளோ, தனி ஏற்பாடு செய்யாவிட்டால், முகவரி தெரிந்த யாருக்கும் திறக்கும். இந்த இடத்தில் டோக்குவிக்கி தெளிவாக மேல். பெயர்வெளி (பக்கங்களின் ஃபோல்டர் போன்ற பிரிவு) வாரியாக யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று பிரிப்பது அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. என் தீர்ப்பு கேட்டால், கூட்டின் இடத்தை எந்த விக்கியிலும் எழுதாதீர்கள். அன்றாடப் பார்வைப் பதிவுகளையும் இங்கே கொட்ட வேண்டாம், அவை இ-பேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையத் தளம்) இருக்கட்டும். அங்கே பட்டியலிட்ட நுண்ணுணர்வு இனங்களின் சரியான இடத்தை அவர்களே மறைக்கிறார்கள். பொங்கல் நாள் கணக்கெடுப்புக்குப் போட்ட பட்டியலை மறுபடி விக்கியில் அடித்துச் சேர்ப்பதால் இரண்டு இடத்தில் இரண்டு எண்ணிக்கை வருவதுதான் மிச்சம்.

டோக்குவிக்கிதான் என்று முடிவானால், அதில் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. பக்கங்களை டேட்டாபேஸில் வைக்காமல் சாதாரண உரைக் கோப்புகளாக வைக்கும். இதுதான் அதன் பெரிய பலம்: சர்வர் செத்தாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஆனால் கோப்பின் பெயரை இயல்பாகச் சதவீதக் குறியீடாக மாற்றி எழுதும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் எழுத்தும் 3 பைட், சதவீதக் குறியீட்டில் 9 எழுத்து. லினக்ஸில் கோப்புப்பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. பழைய திருத்தங்களின் பெயரில் நேரமுத்திரையும் பின்னொட்டுமாக 18 எழுத்து போய்விடும். மிச்சம் 237, அதாவது 26 தமிழ் எழுத்துக்குறிகள், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "சிவப்பு மூக்கு ஆள்காட்டி" 200 பைட்டில் தப்பிக்கும். "சிவப்பு மூக்கு ஆள்காட்டி இனப்பெருக்கம்" 318, சேமிக்க முடியாது. பக்கம் எதுவும் எழுதும் முன்பே கோப்புப்பெயர்க் குறியீட்டு அமைப்பை யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள், அதே தலைப்பு 108 பைட்டாகிவிடும். பக்கங்கள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழையவை எதுவும் கண்ணில் படாது, ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு எஃப்டிபியில் இழுப்பது, விண்டோஸில் ஜிப் பிரிப்பது இரண்டும் தமிழ்ப் பெயர்களைக் குதறலாம். டார் கட்டி ஆர்சிங்க்கில் நகர்த்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு: பக்கத்தின் பெயரை அறிவியல் பெயராக வைத்து, உள்ளே முதல் தலைப்பைத் தமிழில் எழுதி, "முதல் தலைப்பையே பக்கப் பெயராகக் காட்டு" என்ற அமைப்பை இயக்குவது. நீளச் சிக்கல் ஒழியும். வகைப்பாட்டியலார் பேரினத்தை மாற்றும்போதெல்லாம் உங்கள் முகவரி பழையதாகும், அவ்வளவுதான்.

நிறுவி முடித்ததும் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு பக்கத்தின் உரைக் கோப்பை உலாவியில் நேரடி முகவரி கொடுத்துத் திறந்து பாருங்கள். 403 (அனுமதி இல்லை) வர வேண்டும். அப்பாச்சி வெப்சர்வரில் எச்டிஆக்சஸ் கோப்பு காக்கும், எஞ்சின்எக்ஸ் வெப்சர்வர் அதைப் படிக்காது, நீங்களே தடை எழுத வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் கோப்பு எண்ணிக்கை வரம்பையும் பாருங்கள். ஒவ்வொரு திருத்தமும் ஒரு கோப்பு.

புக்ஸ்டாக்கில் பிடிஎஃப் ஏற்றுமதியை நம்பி இறங்காதீர்கள். அதன் இயல்பு ஏற்றுமதிக் கருவிக்குத் தமிழ் எழுத்துக் கோர்ப்பு தெரியாது. கட்டம் கட்டமாக வரும், எழுத்துரு கொடுத்தாலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உலாவியிலிருந்தே அச்சிட்டு பிடிஎஃப் ஆக்கினால் சரியாக வரும். விக்கி.ஜேஎஸ் பார்க்க அழகு, பக்கங்களை கிட் களஞ்சியத்தில் பிரதியெடுக்கும் வசதி அருமை. ஆனால் நோட் செயலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், 3ஆம் பதிப்பு பல ஆண்டுகளாக வரப்போகிறது என்ற நிலையிலேயே இருந்தது. அவுட்லைன் பக்கம் போகவே வேண்டாம், அது கூகுள் போன்ற வெளி லாகினை நம்பிக் கட்டப்பட்டது.

கணக்குத் திறப்பதை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் குவியும். வேடந்தாங்கல் எந்த மாவட்டம் என்று கேள்வி கேட்டு வடிகட்டுவது முன்பு பலித்தது, இப்போது எந்திரங்களுக்குச் செங்கல்பட்டு தெரியும். அறுபது பேர்தானே, நிர்வாகியே கணக்கைத் திறந்து தற்காலிகக் கடவுச்சொல்லை அஞ்சலில் அனுப்பலாம். அந்த அஞ்சலைச் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பாமல் 587 போர்ட் வழியாக ஒரு அஞ்சல் சேவை மூலம் அனுப்புங்கள், எஸ்பிஎஃப் பதிவும் (உங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்வது) போடுங்கள். விபிஎஸ்காரர்கள் 25 போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள்.

ஸ்பேமைவிட இன்றைக்குப் பெரிய தொல்லை ஏஐ பயிற்சிக்காகச் சுரண்டும் எந்திரங்கள். பக்கத்தைப் படித்துவிட்டுப் போனால் பரவாயில்லை, திருத்த வரலாற்றுக்குள் புகுந்துவிடும். 50 திருத்தம் உள்ள ஒரு பக்கத்தில் இரண்டிரண்டாக ஒப்பிட 1,225 முகவரிகள் உண்டு, ஒவ்வொன்றும் டேட்டாபேஸைக் குடையும். கட்டுரை முகவரியையும் நிரல் முகவரியையும் (வரலாறு, ஒப்பீடு போன்றவை வரும் index.php) வேறு வேறு பாதையில் வைத்து, ரோபோட்ஸ் கோப்பில் நிரல் பாதையைத் தடுங்கள். ஒழுங்கான எந்திரங்கள் அதோடு விலகும். மற்றவற்றுக்கு, ஒப்பீட்டு முகவரியை லாகின் குக்கி இல்லாமல் கேட்டால் வெப்சர்வரிலேயே 403 கொடுக்கும்படி ஒரு விதி. படிக்க வருபவருக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை.

உரிமத்தை முதல் நாளே எழுதிப் போடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து பத்தி எடுப்பீர்கள் என்றால் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமம் உங்களுக்கும் வேண்டும், மூலத்தையும் சொல்ல வேண்டும். படம் எடுத்தவர்கள் "வணிகப் பயன்பாடு கூடாது" என்று கேட்கலாம், அது அவர்கள் உரிமை. அந்தப் படங்களைக் காமன்ஸ் ஏற்காது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மீடியாவிக்கியின் பேக்கப்பில் மூன்று பொருள்: டேட்டாபேஸ், இமேஜஸ் ஃபோல்டர், லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. டேட்டாபேஸை மைஎஸ்கியூஎல்டம்ப்பில் எடுக்கும்போது எழுத்துக்குறியீட்டை பைனரி என்று சொல்லி எடுங்கள். தவறான குறியீட்டில் எடுத்தால் மீட்கும் நாளில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ நிற்கும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. இதோடு மாதம் ஒருமுறை டம்ப்பேக்கப் நிரலால் முழு வரலாற்றோடு எக்ஸ்எம்எல் எடுத்து, வேறொருவர் கணினியில் வைத்திருங்கள். அது எந்த மீடியாவிக்கியிலும் ஏறும்.

மேம்படுத்தும்போது பழைய ஃபோல்டர் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். புதிய ஃபோல்டரில் பிரித்து, லோக்கல்செட்டிங்ஸையும் இமேஜஸையும் அதில் நகலெடுத்து, நீட்சிகளைப் புதிய பதிப்புக்கான கிளையிலிருந்து புதிதாக இறக்கி, அப்டேட் நிரலை ஓட்டுங்கள். வெள்ளைத் திரை வந்தால் பத்தில் ஒன்பது முறை ஏதோ ஒரு நீட்சி வேறு பதிப்புக்குரியதாக இருக்கும். நீட்சி வரிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் சிக்கும். எக்ஸ்எம்எல்லிலிருந்து மீட்டால் தேடலும் அண்மைய மாற்றங்கள் பட்டியலும் முழுமையாக இல்லாமல் போகலாம், ரீபில்ட்டெக்ஸ்ட்இண்டெக்ஸ் நிரலையும் அண்மைய மாற்றங்களை மறுபடி கட்டும் நிரலையும் ஓட்டிவிடுங்கள்.